தோலில் பூசும் மருந்துகள்: செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களும் பயிற்சி மாணவியரும் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊசி மருந்துக்கு ஆம்பூலை இரண்டு முறை படித்துப் பார்க்கிற நாம், டியூப் என்றால் மட்டும் மூடியைத் திறந்து பூசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த அலட்சியம் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதைச் சரியாகச் சேர்ப்பதும், தோலை அன்றாடம் பார்ப்பதும் நம் கையில் இருக்கிறது.

மேலே பூசுவதுதானே, உடம்புக்குள் போய்விடுமா?

போகும். எவ்வளவு போகும் என்பது எந்த இடத்தில் பூசுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1967-ல் ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை உடம்பின் பல இடங்களில் பூசி அளந்தார்கள். முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நெற்றி ஆறு பங்கும் தாடை ஓரம் பதின்மூன்று பங்கும் விதைப்பை நாற்பத்திரண்டு பங்கும் உறிஞ்சின. உள்ளங்காலோ ஏழில் ஒரு பங்கைத்தான் உள்ளே விட்டது. உள்ளங்காலுக்கு எழுதித் தந்த களிம்பை அதே நோயாளி தொடையிடுக்கிலும் தடவிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

தோல் உரிந்திருந்தால், புண்ணாக இருந்தால், மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டினால், சூடு பட்டால் உறிஞ்சுவது இன்னும் கூடும். குழந்தைகளுக்கு எடையை ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம். பிரான்சில் 1972-ல் ஒரு குழந்தைப் பவுடரில், தயாரிக்கும்போது நேர்ந்த பிழையால் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. டயப்பர் கட்டும் இடத்தில் வெறுமனே தூவிய பவுடர்தான். 36 குழந்தைகள் இறந்தார்கள். பூச்சு மருந்தைச் சாதாரணமாக நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

களிம்பு, கிரீம், லோஷன், ஜெல் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தாலும், அதைச் சுமந்து வரும் பொருள் மாறினால் வேலையும் மாறும். களிம்பு எண்ணெய்ப் பிசுக்கானது. ஈரத்தை வெளியே விடாமல் மூடிக்கொள்ளும், மருந்தையும் ஆழமாக இறக்கும். வறண்டு தடித்து வெடித்த தோலுக்கு அதுதான் ஏற்றது. நீர் வடிகிற புண்ணிலும் அக்குள் போன்ற மடிப்புகளிலும் களிம்பு பூசினால் ஊறிப்போய் நசநசத்துவிடும். அங்கே எண்ணெயும் நீரும் கலந்த கிரீமே பொருந்தும். தலை, மார்பு போன்ற முடியுள்ள இடங்களுக்கு லோஷன் அல்லது ஜெல். பல ஜெல்களில் ஆல்கஹால் இருப்பதால் வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும். பூசுவதற்கு முன்பே அதை நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.

பேஸ்ட் என்பது பவுடர் சேர்த்துக் கெட்டியாக்கிய களிம்பு. துத்தநாக ஆக்சைடு பேஸ்ட் ஓர் உதாரணம். டயப்பர் கட்டிய இடத்துப் புண்ணைச் சுற்றி அது ஒரு காப்புப் படலமாக நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைத் தேய்த்து முழுவதுமாக எடுக்க முயன்றால் தோலும் கூடவே வரும். அழுக்கான மேல் அடுக்கை மட்டும் துடைத்துவிட்டு, அதன்மேலேயே புதிதாகப் பூசுங்கள். கேலமைன் லோஷனை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் தண்ணீர் மட்டும்தான் வரும்.

'கொஞ்சமாகப் பூசவும்' என்று சீட்டில் இருக்கிறது. கொஞ்சம் என்றால் எவ்வளவு?

இதற்கு ஓர் எளிய அளவு உண்டு: விரல் நுனி அளவு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை, 5 மில்லிமீட்டர் வாயுள்ள டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். பெரியவருக்கு முகமும் கழுத்தும் சேர்ந்து இரண்டரை அளவு, மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று, கணுக்கால் வரை ஒரு காலுக்கு ஆறு, மார்பும் வயிறும் சேர்ந்து ஏழு, முதுகுக்கு ஏழு. குழந்தைக்குப் பூசும்போதும் பெரியவரின் விரலில்தான் அளக்க வேண்டும். அளவுகளின் எண்ணிக்கை மட்டும் குறையும்.

இந்தக் கணக்கை நோயாளியின் எதிரிலேயே போட்டுக் காட்டுங்கள். இரண்டு கால்களிலும் கரப்பான் உள்ளவருக்கு ஒரு வேளைக்குப் பன்னிரண்டு அளவு, அதாவது 6 கிராம் வேண்டும். 15 கிராம் டியூப் ஒன்றை வாங்கி, ஒரு மாதமாகப் பூசியும் குணமாகவில்லை என்று அவர் வந்தால், மருந்து தோற்றதா, பூசிய அளவு போதவில்லையா என்பது உடனே விளங்கிவிடும். இதற்கு நேர்மாறாக, முகத்துக்கு எழுதித் தந்த டியூப் நான்கே நாளில் தீர்ந்தால் அதையும் விசாரிக்க வேண்டும். வீட்டில் வேறு யாரோ பூசிக்கொண்டிருக்கலாம்.

பூசும் முறை என்ன? கையுறை கட்டாயமா?

கட்டாயம். கையுறை இல்லாமல் பூசினால் நோயாளியின் தொற்று நமக்கு வரும், நம் கையின் கிருமி அவர் புண்ணுக்குப் போகும், மருந்தும் நம் தோல் வழியே நம் உடம்பில் சேரும். ஒரு நாளில் இருபது பேருக்கு ஸ்டீராய்டு பூசும் செவிலியருக்கு இது சிறிய விஷயம் அல்ல. திறந்த புண்ணுக்கு நுண்ணுயிர் நீக்கிய கையுறை வேண்டும்.

பெயர், மருந்து, வீரியம், இடம், நேரம் ஆகியவற்றைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். திரை போடுங்கள், பூச வேண்டிய இடத்தை மட்டும் விலக்குங்கள். முந்தைய வேளையின் மிச்சத்தை மிதமான நீரில் கழுவி, ஒற்றியெடுத்து உலர விடுங்கள். தோலைப் பார்க்க வேண்டிய தருணம் இதுதான். நிறம், கசிவு, வாடை, புதிய கொப்புளம் எதுவானாலும் மருந்து மறைப்பதற்கு முன் கண்ணில் பட வேண்டும்.

டப்பாவில் உள்ள மருந்தை விரலால் அள்ளக் கூடாது. ஸ்பேச்சுலா என்ற தட்டைக் கரண்டியால் எடுத்துக் காஸ் துணியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தோலைத் தொட்ட ஸ்பேச்சுலா மறுபடி டப்பாவுக்குள் போகக் கூடாது. முடி வளரும் திசையிலேயே பூசுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைபட்டுச் சிறு சிறு கட்டிகள் கிளம்பும். ஒரு டியூப் ஒரு நோயாளிக்கு மட்டும். திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். டியூபின் வாய் புண்ணில் படக் கூடாது.

ஸ்டீராய்டு களிம்பைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம்?

பயப்படத் தேவையில்லை, மதித்தால் போதும். 1952-ல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டதிலிருந்து எத்தனையோ பேரின் அரிப்பையும் தூக்கமின்மையையும் இந்த மருந்துகள் தீர்த்திருக்கின்றன. சிக்கல் வீரியத்தில் இருக்கிறது. ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் மென்மையானது. பீட்டாமெத்தசோன் வேலரேட், மொமெட்டசோன் ஆகியவை வீரியமானவை. குளோபெட்டசால் மிக வீரியமானது. அதைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலும், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலும் பயன்படுத்தக் கூடாது. சதவீதத்தை வைத்து வீரியத்தை எடைபோடவும் கூடாது. 0.05 சதவீத குளோபெட்டசால், ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலியது.

முறை தவறிப் பூசினால் தோல் மெலிந்து காகிதம்போல் ஆகும். அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் தெரியும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் விழும் வரித்தழும்பு அதன்பின் மறைவதே இல்லை. கண் இமையருகே நெடுநாள் பூசினால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். பெரிய பரப்பில் நெடுங்காலம் பூசியவருக்கு, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியே மந்தமாகிவிடும். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. நிறுத்துவதை மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு கொடுமையும் உண்டு. முகம் வெளுக்கும் என்று நம்பி, மங்குக்கும் பருவுக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பல ஆண்டுகளாகப் பூசுகிறார்கள். முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று இருக்கும். அதன்பின் ஒரு நாள் பூசாவிட்டாலும் முகம் சிவந்து எரியும், பருக்கள் கொத்தாகக் கிளம்பும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மீண்டும் அதையே பூசுவார்கள். இந்திய தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு செயற்குழு அமைத்துப் போராடியது. 2018-ல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத எச் பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் மருந்துக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது நின்றபாடில்லை. முகப்பூச்சு என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால், கிரீம்தான் சிஸ்டர் என்று மட்டும் சொல்வார்கள். டியூபைக் கொண்டுவரச் சொல்லிப் பின்புறம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள்.

படர்தாமரைக்கு மூன்று நான்கு மருந்து சேர்ந்த கிரீம் சீக்கிரம் கேட்கிறதே?

கேட்பதுபோல் தோன்றும். அதில் உள்ள ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். பூஞ்சையோ எதிர்ப்பு குறைந்த தோலில் தாராளமாகப் பரவும். வட்டத்தின் ஓரம் மங்கிப்போவதால் அது படர்தாமரை என்றே அடையாளம் தெரியாமல் போய்விடும். இடுப்பில் ரூபாய் நாணயம் அளவில் தொடங்கியது தொடை, பிட்டம், வயிறு என்று விரிந்து, வீட்டில் எல்லோருக்கும் தொற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவார்கள். டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்ற பூஞ்சை வகை பரவிவிட்டதால் இப்போது சிகிச்சை முன்னைவிட நீள்கிறது.

பூஞ்சை மருந்தைத் தெரியும் வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை சேர்த்துப் பூச வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பூசுங்கள். மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை, வழக்கமாக இரண்டு வாரமாவது தொடர வேண்டும். துண்டும் உள்ளாடையும் தனியாக இருக்கட்டும். இடுப்பிலும் மணிக்கட்டிலும் கட்டியிருக்கும் கயிற்றில் பூஞ்சை தங்கும். கழற்ற மனமில்லாதவரிடம் வற்புறுத்தாமல், அடிக்கடி மாற்றவும் உலர்வாக வைக்கவும் சொல்லுங்கள்.

சொறி சிரங்குக்கு பெர்மெத்ரின் பூசியும் அரிப்பு போகவில்லை என்கிறார்களே?

அரிக்கிற இடத்தில் மட்டும் பூசியிருப்பார்கள். 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை, ஓர் இடம் விடாமல் பூச வேண்டும். விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், மார்பின் கீழ்மடிப்பு, பிறப்புறுப்பு ஆகியவைதான் விட்டுப்போகும் இடங்கள். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலையிலும் முகத்திலும், கண்ணையும் வாயையும் விட்டுவிட்டுப் பூசச் சொல்வதுண்டு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் பூசவே கூடாது. இரவில் பூசி எட்டு முதல் பதினான்கு மணி நேரம் விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடியும் பூச வேண்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

வீட்டில் உள்ள அனைவரும், அரிப்பு இல்லாதவர்களும்கூட, ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். துணிகளையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாளாவது கட்டி வைத்தால் போதும். சிரங்கை உண்டாக்கும் உண்ணிகள் செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

தீக்காயத்துக்கு வெள்ளிக் களிம்பு பூசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சில்வர் சல்ஃபாடையசீன் கிரீமைப் பூசுவதற்கு முன் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் இது கூடாது. குழந்தையின் மூளையைத் தாக்கும் மஞ்சள்காமாலைக்கு வழி வைக்கும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். பழைய கிரீமை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் புதியதைப் பூச வேண்டும். கழுவாமல் விட்டால் புண்ணின்மேல் ஒரு பொய்ப்படலம் படிந்து, அடியில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. கட்டுப் பிரிப்பது கடும் வேதனை. வலி நிவாரணி கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே கை வையுங்கள்.

உறவினர்களுக்கு ஒன்று: பட்டவுடன் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர், அவ்வளவே. பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

பெட்டாடின், குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினிகளில் ஆபத்து உண்டா?

பெட்டாடின் என்ற பெயரில் வரும் பொவிடோன் அயோடின் உலர்ந்தால்தான் கிருமியைக் கொல்லும் வேலை முழுமையாகும். பூசிய உடனே துடைத்துவிட்டு ஊசி குத்துவது வீண். பச்சிளங்குழந்தைக்கும் தைராய்டு நோயாளிக்கும் பெரிய பரப்பில் பூசினால் அயோடின் உள்ளே போய் தைராய்டைக் குழப்பும். குளோர்ஹெக்சிடின் கண்ணிலும் நடுச்செவியிலும் படக் கூடாது. ஆல்கஹால் கலந்த கரைசல் முதுகுக்கடியில் தேங்கி நின்றால், அறுவை அரங்கில் மின்கருவியின் பொறி பட்டுத் தீப்பிடிக்கும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எப்படிக் கலப்பது?

நீர் வடியும் புண்ணை ஊறவைக்க 1:10,000 என்ற அளவு. 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கத்திரிப்பூ நிறம் வந்தால் அதிகம். கரையாத ஒரு துகள் தோலில் ஒட்டினாலும் சுட்டுவிடும். மாத்திரை வடிவில் இருப்பதால் நோயாளிகள் விழுங்கிவிட்ட சம்பவங்கள் நடந்து, பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 2022-ல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது. மாத்திரைக் கிண்ணத்தில் இதை வைக்கவே கூடாது. செவிலியரே கரைத்து எடுத்துச் செல்ல வேண்டும்.

ஒட்டுப்பட்டை மருந்துகளும் இதில் சேருமா?

சேரும், அதிகக் கவனமும் வேண்டும். பழைய பட்டையை எடுக்காமல் புதியதை ஒட்டுவதே இங்கே பெரும் பிழை. முதுகிலும் புஜத்தின் பின்பக்கமும் தேடுங்கள். பல பட்டைகள் நிறமற்றவை, கண்ணில் படா. கடும் வலிக்கான ஃபென்டானில் பட்டையை வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி ஒட்டுவோம். கத்தரிக்கக் கூடாது. வெந்நீர்ப் பையோ காய்ச்சலோ அதிலிருந்து மருந்தை வேகமாக இறக்கி மூச்சையே அடக்கிவிடும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் பட்டையை இரவில் சில மணி நேரம் எடுத்து வைப்பது, மருந்துக்கு உடம்பு பழகிவிடாமல் இருக்கத்தான். இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதற்கு முன் மார்பிலுள்ள பட்டையைக் கழற்ற வேண்டும்.

பாலூட்டும் தாய் மார்பில் கிரீம் பூசலாமா?

மருத்துவர் அனுமதித்ததை மட்டும், பாலூட்டி முடித்த பிறகு. அடுத்த முறைக்கு முன் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். பருவுக்கான ட்ரெட்டினாயின், மருவுக்கான போடோஃபிலின் ஆகியவற்றைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

அக்கிக்குக் காவி எழுதிக்கொண்டு வருகிறார்கள். என்ன செய்வது?

கிராமங்களில் அக்கி கண்டால் முதலில் காவி எழுதிக்கொள்வது வழக்கம். மார்பின் ஒரு பக்கம் செங்காவி காய்ந்து வெடித்திருக்கும், அடியில் கொப்புளங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை வரவே மாட்டார். சலைன் நனைத்த காஸ் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்தால் காவி தானாக இளகும். தேய்த்தால் கொப்புளம் உடையும். புண் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் பலன் அதிகம் என்பதால், எந்த நாளில் தோன்றியது என்பதைக் கேட்டு எழுதி மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ இருந்தால் கண்ணுக்கு ஆபத்து, காத்திருக்க வைக்காதீர்கள்.

தோலை மிருதுவாக்கும் பாரஃபின் களிம்புகளால் தீங்கு உண்டா?

தோலுக்கு நல்லவை. ஸ்டீராய்டுக்கும் இதற்கும் இருபது முப்பது நிமிடம் இடைவெளி விடுங்கள். ஆனால் களிம்பு ஊறிக் காய்ந்த துணியிலும் காயக்கட்டிலும் தீப்பற்றினால் நொடியில் பரவும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. வீட்டுக்கு அனுப்பும்போது அடுப்பு, பீடி, சாமி விளக்கு மூன்றையும் பெயர் சொல்லி எச்சரியுங்கள்.

எதைக் குறிப்பில் எழுத வேண்டும், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும்?

மருந்தின் பெயர், வீரியம், இடம், அளவு, நேரம், பூசுவதற்கு முன் தோல் இருந்த நிலை. 'களிம்பு பூசப்பட்டது' என்ற ஒரு வரி யாருக்கும் பயன்படாது. 'இடது கணுக்கால் உட்புறம், மூன்று சென்டிமீட்டர் புண், மஞ்சள் கசிவு, நேற்றைவிட ஓரம் சிவந்திருக்கிறது' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் ஒப்பிட முடியும்.

பூசிய இடம் தாண்டிச் சிவந்து வீங்கினால், உடம்பெங்கும் தடிப்பு வந்தால், வாயிலும் கண்ணிலும் புண் தோன்றினால், தோல் உரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அழையுங்கள். மூச்சுத் திணறினால் அது அவசரநிலை. இன்னொன்றும் உண்டு: தேமல் என்று சொல்லிப் பல மாதமாகக் கிரீம் பூசியும் போகாத வெளிறிய படை இருந்தால், அதன்மேல் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள், நோயாளி கண்ணை மூடிக்கொண்டிருக்கட்டும். தொடுவது தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கக்கூடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதற்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.